மட்டைக்கு ஏன் கட்டுப்பாடு?

கிரிக்கெட்டில் பந்து எல்லோருக்கும் ஒரே அளவுதான். மட்டை மட்டும் அவரவர் இஷ்டப்படி இருந்தால்? ஆட்டம் நியாயமாக இருக்குமா?

இந்தக் கேள்வி 250 ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தது.

1771-ம் ஆண்டு. இங்கிலாந்தில் செர்ட்சி அணியும் ஹாம்பிள்டன் அணியும் மோதின. தாமஸ் ஒயிட் என்பவர் ஒரு மட்டையுடன் வந்தார். ஸ்டம்புகள் எவ்வளவு அகலமோ, அவ்வளவு அகலம் அந்த மட்டை! ஸ்டம்பையே மறைத்து நின்றால் அவரை எப்படி "அவுட்" ஆக்குவது? எதிர் அணியினர் கொதித்தார்கள். மட்டையின் அகலம் 4¼ அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்று விதி வந்தது. இன்றும் அதே அளவுதான்.

அலுமினிய மட்டை

1979-ம் ஆண்டு டிசம்பர் மாதம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையுடன் ஆட வந்தார். "பந்து கெட்டுவிடும்" என்று இங்கிலாந்து கேப்டன் பிரியர்லி ஆட்சேபித்தார். மரமட்டையைக் கொடுத்ததும், கோபம் கொண்ட லில்லி அலுமினிய மட்டையைத் தூக்கி எறிந்தார். பிறகு, "பந்தை அடிக்கும் பலகை மரத்தால் ஆனதாக இருக்கவேண்டும்" என்று விதி செய்யப்பட்டது.

அடுத்து வந்தது தடித்த மட்டை. பட்டும் படாமலும் பட்ட பந்துகூட எல்லைக்கோட்டைத் தாண்டியது. 2017 அக்டோபரில் அதற்கும் கடிவாளம் போட்டார்கள். தடிமன் 67 மில்லிமீட்டர், ஓரம் 40 மில்லிமீட்டர். அதற்கு மேல் கூடாது. 2025 ஐ.பி.எல். போட்டிகளில் நடுவர்கள் மைதானத்திலேயே மட்டையை அளந்து பார்த்தார்கள்.

மூங்கில் செய்த குற்றம் என்ன?

நல்ல மட்டை, வில்லோ என்ற மரத்தில் செய்யப்படுகிறது. அந்த மரம் வளரப் பல ஆண்டுகள் ஆகும். விலையும் அதிகம். 2021-ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் மூங்கிலில் மட்டை செய்தார்கள். மூங்கில் சீக்கிரம் வளரும்; செலவும் குறையும் என்றார்கள். ஆனால் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. கழகம், "மூங்கில் மரமல்ல, புல் இனம், இப்போதைய விதிப்படி செல்லாது" என்று கூறிவிட்டது.

மூங்கில் மட்டை பந்தை வேகமாக விரட்டும் என்பது உண்மை. அப்படியானால் அதன் தடிமனைக் குறைக்கலாமே! அளந்து பார்க்கத்தான் கருவி இருக்கிறதே!

அளவில் கண்டிப்பு வேண்டியதுதான். அது பந்து வீசுகிறவரைக் காக்கிறது. ஆனால் மலிவான மட்டைக்கு வழி அடைத்தால், ஏழைப் பையன் எதைக் கொண்டு ஆடுவான்?