நடப்பதற்கு அஞ்சவேண்டாம்

மார்பில் ஐ.சி.டி. கருவி பொருத்தப்பட்ட அநேகர், "வேகமாய் நடந்தால் ஷாக் அடித்துவிடுமோ" என்று அஞ்சி நாற்காலியிலேயே முடங்கிவிடுகின்றனர். வீட்டாரும் அன்பினாலேயே தடுத்துவிடுகின்றனர். ஆனால் அசையாதிருக்கும் இருதயம் நாளுக்குநாள் பெலவீனப்படும்.

1980-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட இக்கருவி, ஆபத்தான துடிப்பைக் கண்டறிந்து மின்னதிர்வால் சீர்செய்கிறது. நம்மை முடக்குவது அதன் நோக்கமன்று. 2015-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் இக்கருவி உடைய 160 பேர் பங்கேற்றனர். ஒழுங்காக நடைப்பயிற்சி செய்தோரின் உடல்திறன் கூடியது. பயிற்சியினால் ஷாக் பெருகவில்லை.

ஆயினும் எல்லை உண்டு. எத்தனை துடிப்பில் கருவி செயல்படும்படி அமைக்கப்பட்டுள்ளது என்று மருத்துவரிடம் கேட்டறியுங்கள். பயிற்சியின்போது அதற்கு 10 முதல் 20 துடிப்பு குறைவாகவே இருக்கவேண்டும். சமதரையில் மெதுவாய்த் தொடங்கி, படிப்படியாய்க் கூட்டி, மெதுவாகவே முடியுங்கள். தலைசுற்றினால் உடனே நில்லுங்கள். ஒருமுறை ஷாக் வந்தால் மருத்துவருக்குத் தெரிவியுங்கள். மீண்டும் மீண்டும் வந்தாலோ, மயங்கினாலோ, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

விடுமுறைக்குப் பொன்முடி செல்வோர் கவனிக்க: 22 கொண்டையூசி வளைவுகளுக்கு அப்பால், ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் உள்ளது அம்மலை. பெரிய இருதய மருத்துவமனைகளோ கீழே திருவனந்தபுரத்தில் உள்ளன. ஆகவே மருத்துவரின் அனுமதி பெற்றே புறப்படுங்கள். செங்குத்தான மேடுகளைத் தவிர்த்திடுங்கள்.

வீட்டாரே, தடுப்பதை விட்டு, மாலைதோறும் அவரோடு சேர்ந்து நடவுங்கள். அவர் பயம் நீங்க அதுவே நல்ல மருந்து.