எத்தனை டெசிபல்னு கேக்காதீங்க, எவ்வளவு தூரத்துலன்னு கேளுங்க

1/ நாலு அபாயச் சைரனை வரிசையா ஓடவிட்டு "எதுக்கு சத்தம் அதிகம்"னு போட்டி வைக்கிற வீடியோ மறுபடியும் வாட்ஸ்அப்ல சுத்துது. கீழே கமெண்ட்ல "120 டெசிபல், மாஸ்!" ஒரு டாக்டரா சொல்றேன், இந்த ஒப்பீடே பொய். நம்பி வாங்கினா ஆபத்தும் கூட. த்ரெட் நீளம், பொறுத்துக்கோங்க.

2/ பீளமேட்டுக்காரங்களுக்கு சைரன் புதுசில்லைங்க. மில்லு சங்கு கேட்டு உலை வெச்ச ஊரு இது. அந்த சங்குக்கு எத்தனை டெசிபல்னு எவரும் கேட்டதில்லை. ஊதினா என்ன செய்யணும்னு எல்லாருக்கும் தெரியும். எச்சரிக்கை ஒலிக்கு அதுதான் இலக்கணம்.

3/ இப்ப கணக்கு. ரெண்டு சைரன், ரெண்டு பெட்டியிலயும் "120 டெசிபல்". ஒண்ணை அளந்தது 1 மீட்டர்ல, இன்னொண்ணை 30 மீட்டர்ல. திறந்த வெளியில தூரம் இரட்டிப்பாக ஆக 6 டெசிபல் குறையும். அப்ப முதல் சைரன் 30 மீட்டர்லயே சுமார் 90 தான்.

4/ கட்டடம், மரம் இருக்கிற ஊருக்குள்ள இரட்டிப்புக்கு 10 குறையும்னு வெச்சுக்கிறது வழக்கம். 1 கிலோமீட்டர் தள்ளி ரெண்டாவது சைரன் 70 டெசிபல். முதலாவது 40! குடியிருப்புப் பகுதிக்கு நம்ம சட்டம் இரவுல அனுமதிக்கிற அளவே 45. பெட்டியில ஒரே நம்பர், காதுக்கு வர்றப்ப 30 டெசிபல் வித்தியாசம்.

5/ "நானே போன்ல அளந்தேன் டாக்டர்"னு வராதீங்க. போன் மைக் பேச்சுக்காகச் செஞ்சது. பெரிய சத்தம் வந்தா அதுவே அமுக்கிடும். வீடியோவுல கேக்கிற சத்தத்தை வெச்சு சைரனை எடைபோடறது, போட்டோ பார்த்து காய்ச்சல் சொல்ற மாதிரி.

6/ "அப்ப இன்னும் சத்தமா வைங்க"ன்னா? 85 டெசிபல்ல 8 மணி நேரம்தான் பாதுகாப்பு. 3 ஏற ஏற நேரம் பாதியாகும். 100ல வெறும் 15 நிமிஷம். கம்பத்துக்குக் கீழ டீக்கடை வெச்சிருக்கிறவரோட காதுதான் முதல் பலி. உள்காதுல இருக்கிற முடி செல் செத்தா மறுபடி முளைக்காது.

7/ இங்க இன்னொரு விஷயமும் இருக்கு. தறிச் சத்தத்துல இருபது, முப்பது வருஷம் நின்னவங்க நிறைய பேர் இந்த ஊர்ல. இரைச்சலால வர்ற செவித்திறன் இழப்பு முதல்ல கீச்சுக் குரல்லதான் அடிக்கும், சுமார் 4000 ஹெர்ட்ஸ்ல. "சத்தம் கேக்குதுங்க, என்ன சொல்றாங்கன்னு புரியல"ம்பாங்க. அவங்களுக்கு கீச்சுனு கத்துற பஸ்ஸர் பிரயோஜனமே இல்லை. கனத்த, ஏறி இறங்குற ஒலிதான் எட்டும். இதை எந்த வீடியோ ஒப்பிடுது?

8/ எச்சரிக்கை ஒலி சுற்றுச் சத்தத்தை விட 10 டெசிபலாவது மேல நிக்கணும். அவிநாசி ரோட்டுல ஏர் ஹாரன் அடிச்சுட்டே போற பஸ்ஸுக்கு நடுவுல எது நிக்கும்? பல குரல்ல அலறுற ஹாரனை மோட்டார் வாகன விதி எப்பவோ தடை பண்ணியாச்சு. ஆஸ்பத்திரியைச் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம்னு 2000ஆம் வருஷ விதி இருக்கு. போர்டு இருக்கு, அமைதி எங்கே?

9/ 2025 மே 7 நாடு முழுக்க சிவில் டிஃபென்ஸ் ஒத்திகை. ஏறி இறங்கினா ஆபத்து, ஒரே சீரா ஊதினா ஆபத்து நீங்கியாச்சு. இந்த ஒத்தை வரி உங்க வீட்டுல எத்தனை பேருக்குத் தெரியும்? அதே வாரம் சில டிவி சேனல்கள் அந்த சைரனையே பின்னணி இசை ஆக்கினாங்க. மத்திய அரசு கூப்பிட்டு நிறுத்தச் சொல்ல வேண்டியதாச்சு. தினமும் கேட்டா நிஜ ஆபத்துல எவன் எந்திரிப்பான்?

10/ கேக்க வேண்டியது நாலே நாலு. டெசிபலோட தூரத்தையும் எழுது. கடைசி வீட்டு வாசல்ல நின்னு அளந்து பாரு. பிரான்ஸ்ல மாசத்தோட முதல் புதன் மதியம் ஊதிப் பாக்கிற மாதிரி, நாள் சொல்லி சோதிச்சுப் பாரு. காது கேக்காதவங்களுக்கு போன்ல அதிர்வும் வெளிச்சமும் கட்டாயமாக்கு.

11/ "செவிடன் காதுல ஊதின சங்கு"ன்னு பழமொழி சொல்லி கேக்காதவன் மேல பழி போட்டே பழகிட்டோம். தப்பு ஊதினவன் மேலதாங்க. அவருக்குக் கேக்குதான்னு ஒருதரம் பாத்துட்டு ஊதுங்க. இல்லைன்னா அப்புறம் ஊத வேண்டியது வேற சங்கு.