ஆர்கன் பழுதான கதை



கிறிஸ்துமஸ் காலந்தோறும் பிரசங்க பீடங்களில் ஒரு கதை சொல்லப்படுகிறது. 1818ஆம் ஆண்டு டிசம்பர் 24 அன்று, ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டோர்ஃப் என்னும் ஊர் ஆலயத்தில் எலிகள் ஆர்கனின் துருத்தியைக் கடித்துவிட்டன. வேறு வழியின்றிக் கிட்டாரை எடுத்து ‘சைலன்ட் நைட்’ பாடினார்கள் என்பதே அக்கதை. நானும் அதைச் சொல்லியிருக்கிறேன். இனிச் சொல்லமாட்டேன்.

அப்பாட்டுக்கு இசையமைத்த ஃபிரான்ஸ் குரூபர் 1854இல் எழுதிய குறிப்பில் எலியும் இல்லை, பழுதான ஆர்கனும் இல்லை. உதவிக் குருவானவராகிய யோசேப்பு மோர் தம் கவிதையைக் கொடுத்து, இரண்டு தனிக்குரல்களும் குழுவும் கிட்டார் துணையோடு பாடத்தக்க மெட்டு ஒன்றைக் கேட்டார் என்றே அதில் காண்கிறோம். குரூபர் அவ்வாலயத்தின் ஆர்கன் வாசிப்பவர். ஆயினும் அவரிடம் கேட்கப்பட்டது கிட்டாருக்கான பாட்டு! அன்றிரவு மோர் தாமே கிட்டார் மீட்டி மேற்குரலைப் பாட, குரூபர் கீழ்க்குரலைப் பாடினார்.

கிட்டாரை ஏழையின் பியானோவாக எண்ணும் நமக்கு இது வியப்பாயிருக்கலாம். அக்காலத்தவர் அவ்வாறு எண்ணவில்லை. வியன்னாவில் ஷூபர்ட்டின் பாடல்கள் பல, கிட்டார் துணையோடும் அச்சிடப்பட்டு விற்பனையாயின. 1957இல் பெஞ்சமின் பிரிட்டன், பீட்டர் பியர்ஸின் குரலுக்கும் ஜூலியன் பிரீமின் கிட்டாருக்குமென்றே சீனக் கவிதைகளின் மொழிபெயர்ப்புகளுக்கு இசையமைத்தார்.

ஆர்கனின் கட்டையை அழுத்தியிருக்கும்வரை ஒலி நிற்கும். கிட்டாரின் நரம்பிலோ, விரல் விலகிய கணமே ஒலி தேயத் தொடங்குகிறது. அதைக் குறை என்பாருண்டு. எனக்கோ அதுவே அதன் வரம் எனத் தோன்றுகிறது. ஒலி தேயும் அந்த இடைவெளியில் சொல் தெளிவாகக் கேட்கிறது. பாடுபவர் தொண்டையை வருத்தாமல், அருகிருப்பவரிடம் பேசுவதுபோல் பாடலாம். எல்லாப் பாட்டுக்கும் இது பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஷூபர்ட்டின் ‘எர்ல்கோனிக்’ பாட்டில் விடாது அதிரும் குதிரைப் பாய்ச்சலுக்குப் பியானோவே வேண்டும். தாலாட்டுக்கு அது வேண்டியதில்லை.

நம் ஆராதனையில் கீபோர்டின் ஒலியைக் கூட்டுகிறோம். அதை மிஞ்சப் பாடுபவரின் மைக்கைக் கூட்டுகிறோம். முடிவில் பாட்டின் வார்த்தைகளைத் திரையில் வாசித்தே அறிந்துகொள்கிறோம்.

ஆகையால் பாடகர் குழுவுக்கு என் வேண்டுகோள்: இவ்வாண்டு கிறிஸ்துமஸ் இரவில் அப்பாட்டை மட்டும் இரண்டு குரல்களும் ஒரு கிட்டாருமாக, மைக் இன்றிப் பாடுங்கள். கீபோர்டு வாசிக்கும் சகோதரர் மனம் வருந்த வேண்டாம். கீழ்க்குரல் பாட எனக்கு அவர்தாம் வேண்டும்.