சராசரி வயசு 17!

இந்த வாரம் விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்துக்கு ஒரு ட்ரிப்.

1842-ல் எட்வின் சாட்விக் என்பவர், உழைக்கும் மக்களின் சுகாதாரம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். அதில் ஊர்வாரியாக, இறந்தவர்களின் சராசரி வயது இருந்தது. மான்செஸ்டரில் வசதியான குடும்பங்களுக்கு 38, கூலித் தொழிலாளி குடும்பங்களுக்கு 17. லிவர்பூலில் 35, 15. ரட்லண்ட் என்கிற கிராமப்புற மாவட்டத்தில் 52, 38. நல்லா கவனிங்க... மான்செஸ்டர் பணக்காரரும் ரட்லண்ட் கூலியாளும் சரிக்குச் சமம்!

அப்போ மான்செஸ்டர் தொழிலாளிங்க எல்லாம் 17 வயசுலயே போய்ச் சேர்ந்துட்டாங்களா? அதான் இல்லை. அந்தக் குடும்பங்களில் பிறந்த குழந்தைகளில் 57 சதவிகிதத்துக்கும் மேல், 5 வயசுக்குள்ளேயே இறந்ததாக அதே அறிக்கை சொல்லுது. சராசரியைக் கீழே இழுத்தது அந்தப் பிஞ்சு உயிர்கள்தான்.

ஆனா, இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை. 1844-ல் நெய்சன் என்கிற இன்ஷூரன்ஸ் கணக்கு நிபுணர் அதைப் பிடிச்சுட்டார். சின்ன வயசுக்காரங்க நிறைய இருக்கிற ஊரில், இறக்கிறவங்க சராசரி வயசும் குறைவாத்தான் வரும். காலேஜ் ஹாஸ்டலில் யாராவது இறந்தா வயசு 20, முதியோர் இல்லத்தில் 80. அதுக்காக, ரொம்ப நாள் வாழணும்னு முதியோர் இல்லத்துக்கு ஜாகையை மாத்திக்க முடியுமா பாஸ்?

பின்னே எப்படி ஒப்பிடறது? ஆயிரம் பேருக்கு வருஷத்துக்கு எத்தனை சாவுன்னு பார்க்கணும். அதையும் வயசுவாரியா பிரிக்கணும். பிறப்பு, இறப்புகளைப் பதியும் அரசு அலுவலகத்தில் இருந்த வில்லியம் ஃபார் இதில் கில்லாடி. ஆரோக்கியமான மாவட்டங்களில் ஆயிரத்துக்கு 17 சாவுன்னு கணக்குப் போட்டு, அதுக்கு மேல போறதெல்லாம் இயற்கைச் சாவே இல்லைன்னு அடிச்சுச் சொன்னார். அதே 17... ஆனா, இது வேற 17!

சரி, சாட்விக் கணக்கு தப்புன்னா நகரங்கள் தப்பிச்சுதா? ம்ஹூம். வயசுவாரியா பார்த்தாலும் லிவர்பூலும் மான்செஸ்டரும் ஃபெயில்தான். நெரிசலான வீடு, தேங்கி நிற்கிற சாக்கடை, அழுக்குத் தண்ணி... எல்லாம் நிஜம்.

1848-ல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. ஏழு வருஷ சராசரியில் ஆயிரத்துக்கு 23 சாவைத் தாண்டின ஊரில், ஊர்க்காரங்க கேட்காவிட்டாலும் சுகாதார வாரியம் அமைக்கலாம். சாக்கடை, குடிநீரெல்லாம் அதன் பொறுப்பு.

அடுத்த தடவை 'வாழ்வதற்கேற்ற நகரங்கள்'னு ஏதாவது பட்டியல் கண்ணில் பட்டா, ரேங்க்கைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: யாரை எண்ணினாங்க, எதால வகுத்தாங்க?