ஸ்பிரிங்குக்குள்ள இருக்கிறது சக்தியா, விசையா?

ரோபோ போட்டி பற்றி எழுத கலைப்பீடத்துப் புள்ளைக்கு என்ன தகுதி என்று கேட்பீங்க. நான் ரோபோ பற்றி எழுத வரல்ல. அதுக்குப் போடுற விதிகளைப் பற்றித்தான். விதி எண்டால் சொல். சொல் எங்கட பாடம்.

2016இல் பாங்கொக்கில் நடந்த ஏபியூ ரோபோகொனை எடுங்க. ஆசிய பசுபிக் நாட்டுப் பல்கலைக்கழக அணிகளின் போட்டி அது. அந்த வருடக் கருப்பொருள் தூய சக்தி. ஓர் அணிக்கு இரண்டு ரோபோ. அதில் 'ஈகோ' ரோபோ திரும்புறதுக்கு மட்டும் ஓர் இயக்கி வைக்கலாம், ஓடுறதுக்கு வைக்க ஏலாது. அதை ஓட்டுகிற விசை மற்ற ரோபோவிடமிருந்து மறைமுகமாக வரவேண்டும்.

'மறைமுகமாக' என்ற அந்த ஒரு சொல்லில்தான் ஆட்டமே இருந்தது. கையால் தள்ளுவது நேரடி. விசிறி பூட்டி ஊதினால்? அப்படி ஊதியே ஓட்டின அணிகள் இருந்தன. மோட்டரைத் தொடுறதுக்கு முதல் அவர்கள் அந்தச் சொல்லோடதான் மல்லுக்கட்டியிருப்பார்கள்.

1992இல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டி உயர்தர வகுப்பு வயதுப் பிள்ளைகளுக்கானது. அங்கே 12 வோல்ட் பற்றரி மட்டும்தான் சக்தி என்று நினைத்தால் பிழை. அழுத்தின காற்று, உயரத்திலிருந்து இறங்குகிற ரோபோவின் பாரம், இழுத்துக் கட்டின ரப்பர் பாண்ட் எல்லாம் அனுமதி. பட்டியலில் காற்றடித்த சக்கரம்கூட இருக்கு. எவனோ ஒருத்தன் "டயருக்குள்ள இருக்கிற காற்றும் சேமிச்ச சக்திதானே?" எண்டு கேட்டிருப்பான். அவனை எனக்குப் பிடிக்கும்.

இது விதியை ஏமாத்துறது என்று சிலர் சொல்றாங்க. கண்ணுக்கு மருந்து விட்டால் நோன்பு முறியுமா என்று வருடா வருடம் கேட்கிறவர் நோன்பை ஏமாத்தவா கேட்கிறார்? சரியாப் பிடிக்கத்தானே.

எங்கட பக்கம் நான் பார்த்த பயிற்சிகளில் பிள்ளைகள் கைக்கு சக்கரம் வருது, மோட்டர் வருது, விதிப் புத்தகம் வருவதில்லை. அது இங்கிலீஷில் இருக்கு. சேர் வாசித்து, "பற்றரி மட்டும்தான்" என்று வாயால் சுருக்கிச் சொல்லிவிடுவார். தமிழில் படித்த பிள்ளை தோற்பது அந்தச் சுருக்கத்தில்தான். யூடியூப் பக்கம் போனால் வேறு குழப்பம். எங்கட பாடப்புத்தகத்தில் சக்தி, வலு. தமிழ்நாட்டில் அதுகளே ஆற்றல், திறன். நல்ல காலம், விசை ரெண்டு பக்கமும் விசைதான்.

மொழிபெயர்த்தால் பிழை வரும், அணியைத் தூக்கிவிடுவார்கள் என்பது நியாயமான பயம். முடிவுக்கு மூலத்தைப் பாருங்க. வாதாடுறதுக்குத் தமிழில் ஒரு பிரதி இருக்கட்டும். ஓர் அணிக்கு ஒரு மொழிக்காரரைச் சேருங்க. ஒலுவில் வளாகத்தில் கலைப்பீடமும் பொறியியல் பீடமும் ஒரே வளவுக்குள்ளதானே இருக்கு, பஸ் காசும் மிச்சம்.

முதல் சண்டையை 'அக்சுவேட்டர்' என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். நான் மேலே 'இயக்கி' என்று போட்டிருக்கிறன். ஆனா கணினிக்காரர் அதே சொல்லை 'ட்ரைவர்' மென்பொருளுக்கு எப்பவோ எடுத்துட்டாங்க.