சேவைக்கும் ஒரு கலர் வேணும்

உங்க காலேஜ்ல இருக்கற ஏதாவது ஒரு சேவை கிளப்போட இன்ஸ்டா பக்கத்தைத் திறந்து பாருங்க. ரத்த தானம்னா சிவப்பு, மரம் நடுறதுன்னா பச்சை, வெள்ள நிவாரணம்னா நீலம். கேன்வால அன்னைக்கு எந்த டெம்ப்ளேட் கிடைச்சதோ அதான் கலர். ஒவ்வொரு போஸ்டரும் தனித்தனியா அழகாத்தான் இருக்கும். ஆனா எல்லாமே ஒரே கிளப்போடதுன்னு பேரை மறைச்சுட்டா யாராலயும் சொல்ல முடியாது.

“நல்லது பண்றோம், கலரா முக்கியம்? அதெல்லாம் கம்பெனிக்காரங்க வேலை”ன்னு நீங்க கேட்கலாம். என்னைக் கேட்டா, கம்பெனியை விட சேவை அமைப்புக்குத்தான் அது அதிகமா தேவை. கம்பெனி காசு வாங்கினா கையில ஒரு பொருள் தருது. சேவை அமைப்பு கேட்கறது நம்பிக்கையை மட்டும்தான். வாட்ஸ்அப்ல க்யூஆர் கோடோட வர்ற ஒரு போஸ்டரை நாம பார்க்கறது ரெண்டு செகண்ட். “இவங்க நமக்குத் தெரிஞ்சவங்க”ன்னு அந்த ரெண்டு செகண்டுல சொல்ல வேண்டியது கலர்தான்.

கலரை யார் வேணா காப்பி அடிக்கலாமே? உண்மைதான். பணம் அனுப்பும் முன்னாடி அக்கவுண்ட் பேரைப் பார்க்கறதுக்கு மாற்றே இல்லை. ஆனா நிஜமான கிளப்பே வாரம் ஒரு வேஷம் போட்டா, போலியை யார் கண்டுபிடிப்பாங்க?

இதுக்குப் பெரிய பட்ஜெட்டும் வேண்டாம். 1961-ல் தொடங்கின டபிள்யூடபிள்யூஎஃப், சின்னமா பாண்டாவை எடுத்ததுக்கு ஒரு காரணம், கறுப்பு வெள்ளையில அச்சடிச்சா செலவு குறைவு என்பதுதான். 1864 ஜெனீவா ஒப்பந்தத்துல வந்த வெள்ளை மேல் சிவப்பு சிலுவை, போர்க்களத்துல “இவங்களைச் சுடாதே”ன்னு சொல்ற அடையாளம். அதைக் கண்டவங்க போட்டா அர்த்தம் நீர்த்துப்போகும் என்பதால்தான், இந்தியாவுல 1960-ம் வருஷச் சட்டப்படி அனுமதி இல்லாம டாக்டர்கள்கூட அதைப் பயன்படுத்தக் கூடாது.

நாம செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ரெண்டே கலர் முடிவு பண்ணுங்க. அதோட ஹெக்ஸ் கோடை கிளப் குரூப்ல பின் பண்ணுங்க. ஸ்கிரீன்ல தெரியற ஆர்ஜிபி கலர் ஃப்ளெக்ஸ்ல அப்படியே வராது. அச்சுக்குத் தனியா சிஎம்ஒய்கே மதிப்பு வெச்சுக்கிட்டு, முதல்ல ஒரு சின்ன சாம்பிள் அடிச்சுப் பாருங்க. எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் குறைந்தது 4.5:1 இருக்கட்டும். மஞ்சள் மேல வெள்ளை எழுத்து யாருக்கும் தெரியாது.

நிஜமான சிக்கல் வேற. வருஷா வருஷம் டீம் மாறுது. புது டீம் “நம்ம ஸ்டைல்”னு எல்லாத்தையும் மாத்துது. பழைய டீம் மூணு வருஷமா சேர்த்த அடையாளம் ஒரே செமஸ்டர்ல காலி. அதனால ஃபைனல் இயர் மக்களே, டிரைவ் பாஸ்வேர்டை ஜூனியர்ஸ்கிட்ட கொடுக்கும்போது அந்த ரெண்டு கலரையும் சேர்த்துக் கொடுங்க. ஜூனியர்ஸ், உங்க கிரியேட்டிவிட்டியை வாசகத்துல காட்டுங்க. கலரை விட்டுடுங்க.