உயிர்காப்போருக்கும் பாதுகாப்பு நிதியில் பங்கு வேண்டும்

சோமாலியத் தலைநகர் மொகதிஷுவின் சோபே சந்திப்பில் 2017 அக்டோபர் 14 அன்று வெடித்த லாரி குண்டு, அரசு நியமித்த குழுவின் கணக்குப்படி 587 பேரைப் பலிகொண்டது. 2022 அக்டோபர் 29 அன்று அதே சந்திப்பில் இரண்டு கார் குண்டுகள் வெடித்து நூறு பேருக்கு மேல் மாண்டனர். முதல் குண்டில் விழுந்தவர்களைத் தூக்க ஆட்கள் ஓடிவந்த வேளையில் இரண்டாவது குண்டு வெடித்தது. ஆமின் ஆம்புலன்ஸ் சேவையின் வண்டி சிதைந்தது. அதன் ஊழியர்களும் காயமடைந்தனர்.

ஆமின், அரசு நடத்தும் சேவை அல்ல. அப்துல்காதிர் அப்திரஹ்மான் ஆதன் என்ற பல் மருத்துவர் 2006-இல் தொடங்கியது. நன்கொடையில் ஓடும் இச்சேவை நோயாளிகளிடம் காசு வாங்குவதில்லை. அவருடைய ஈகைக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் இத்தனை குண்டுகளைக் கண்ட நகரம் ஆம்புலன்ஸுக்கு நன்கொடையை நம்பியிருப்பது பெரும் அநீதி. சோமாலியாவுக்கு ஆயுதமும் ராணுவப் பயிற்சியும் தரும் நாடுகள், ஆம்புலன்ஸ் ஊழியரின் சம்பளத்தையும் அதே பாதுகாப்பு நிதியிலிருந்து ஆண்டுதோறும் தரவேண்டும்.

தாக்குதலைத் தடுப்பதற்கே முதலிடம் என்பார்கள். தடுக்கட்டும். தடுப்பு தோற்ற நாளில் என்ன செய்வது? கை கால் சிதைந்தவர் ரத்தம் வடிந்து சில நிமிடங்களில் இறந்துபோகலாம். இறுக்கிக் கட்ட ஒரு பட்டையும் கட்டத் தெரிந்த கையும் இருந்தால் பலர் பிழைப்பார்கள். இரண்டாவது குண்டுக்கு அஞ்சி ஆம்புலன்ஸ் தள்ளி நிற்க நேரும்போது, காவலரும் கடைக்காரரும்தான் காயமுற்றோரின் அருகே இருப்பார்கள். அந்தப் பட்டையும் பயிற்சியும் அவர்களுக்கும் கிடைக்கவேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. காபூலில் 2018 ஜனவரி 27 அன்று ஆம்புலன்ஸிலேயே குண்டு வந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தனர். சோதனைச் சாவடிக் காவலர் ஆம்புலன்ஸைச் சந்தேகிப்பதைக் குறைசொல்ல முடியாது. வண்டியும் ஊழியரும் முன்பதிவாகி, கட்டுப்பாட்டு அறையிலிருந்து சாவடிக்கு முன்தகவல் போனால் சோதனை சுருங்கும். மருத்துவ ஊழியர்மீதான தாக்குதலைக் கண்டித்து ஐ.நா. பாதுகாப்பு அவை 2016-இல் 2286-ஆம் தீர்மானம் நிறைவேற்றியது. குண்டு வைப்பவன் அதை மதிக்கப்போவதில்லை. வாக்களித்த நாடுகளாவது மதிக்கலாமே.

2017-இல் படுகாயமுற்றோர் சிலரைத் துருக்கி விமானத்தில் ஏற்றிச்சென்றது. 2022-இலும் சோமாலிய அதிபர் மக்களிடம் ரத்தமும் உலகிடம் மருத்துவ உதவியும் கேட்டு நின்றார். ரத்த வங்கிக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கும் நிலையான நிதியை நன்கொடை நாடுகள் அடுத்த நிதியாண்டிலேயே எழுத்தில் உறுதிசெய்யவேண்டும்.